சைக்கிள் டியூபால் கட்டிய குழாய்

என் பழைய காரை நானேதான் கொன்றேன். அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மனைவிக்கு நுரையீரல் சரியில்லை. திருமங்கலத்தைத் தாண்டியிருக்கும் எங்கள் ஊரிலிருந்து வாரம் இருமுறை மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ் ஏற முடியாது, மூச்சு வாங்கும். காரை விட்டால் வழி கிடையாது.

என்ஜினுக்குள் சேரும் புகையை வெளியேற்ற ஒரு ரப்பர் குழாய் உண்டு. முன்பு அது ஏர் ஃபில்டரில் போய்ச் சேர்ந்தது. ஃபில்டரெல்லாம் ஆயிலாகிறதென்று வில்லாபுரத்து மெக்கானிக் அதைக் கழற்றிக் கீழே தொங்கவிட்டார். அன்றிலிருந்து சிக்னலில் நின்றால் காரின் அடித்தகட்டு ஓட்டை வழியே புகை உள்ளே வரும். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். இருமல் நிற்காது.

மெக்கானிக்கிடம் சொன்னேன். "பிஸ்டன் ரிங்கு தேஞ்சுதான் இம்புட்டுப் புகைண்ணே, என்ஜினை இறக்கித்தான் பாக்கணும். அதுவரைக்கும் தொங்கட்டும். அடைச்சு கிடைச்சு வச்சிராதீங்க" என்றார்.

எங்கள் பக்கம் பம்புசெட்டில் எங்கே ஒழுகினாலும் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டுவோம். முப்பது வருடம் தண்ணீரையே அப்படி நிறுத்தியவனுக்குப் புகை எம்மாத்திரம்? குழாயை மடக்கிச் சுற்றிச் சுற்றிக் கட்டினேன். புகை நின்றது. அன்று அவள் ஆஸ்பத்திரி வரை இருமாமல் தூங்கிக்கொண்டே வந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, மடையன்.

மூன்றாவது தடவை திரும்பி வரும்போது ஆயில் விளக்கு எரிந்தது. பல்புக் கோளாறு என்று ஓட்டினேன். ஊர் நெருங்குகையில் கடகடவென்று சத்தம் வந்து என்ஜின் இறுகி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் வந்த வழியெல்லாம் ஆயில். வெளியேற வழியில்லாத புகை, என்ஜின் ஆயிலை அடைத்திருந்த ரப்பர் வளையத்தையே தள்ளிவிட்டிருந்தது. "அடைச்சீங்களாண்ணே?" என்று மட்டும் போனில் கேட்டார் மெக்கானிக்.

என்ஜின் மாற்ற வக்கில்லை. வாடகைக் காரும் இரண்டு வாரத்துக்கு மேல் கட்டுப்படியாகவில்லை. ஒருநாள் பஸ்ஸுக்குக் கூட்டிப்போனேன். இரண்டாம் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அம்புட்டுப் படி என்னால ஏற முடியாதுங்க. இனி ஆஸ்பத்திரிக்கு வரல" என்றாள். அதன்பின் போகவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. எந்த முகத்தோடு வற்புறுத்துவது?

நேற்று வாசலில் நிற்கும் காரின் பானெட்டைத் திறந்து அந்தக் கட்டை அவிழ்க்கப் பார்த்தேன். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தவள் பார்த்துவிட்டாள்.

"இப்ப அதை எதுக்குங்க அவுக்குறீக?"

இவ்வளவைக் கேட்டு முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினாள்.