மணியடக்கி

அலுவலகத்தில் அவளுக்கு மணியடக்கி என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் பாராட்டாகத்தான் வைத்தார்கள்.

தனியாக இருக்கும் வயதானவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பொத்தான் கொடுக்கும் கம்பெனி அது. அழுத்தினால் டேட்டாபேஸில் அவர் பெயரில் ஒரு வரி திறக்கும். கண்காணிப்பு அறையில் மணி அடிக்கும். யாராவது போனில் விசாரித்து, காரணம் எழுதி, அந்த வரியை மூட வேண்டும். பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? பல்பு எரியவில்லை, தூக்கம் வரவில்லை என்று அழுத்து அழுத்தென்று அழுத்தினார்கள். அறையில் இருந்தவர்களுக்குத் தலை வெடித்தது.

டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் அவள்தான் வழி கண்டுபிடித்தாள். ஒருவருடைய வரி திறந்திருக்கும்போது அவர் மறுபடி அழுத்தினால் புது வரியும் வேண்டாம், மணியும் வேண்டாம். பழைய வரியிலேயே எண்ணிக்கை கூடினால் போதும். அறை அமைதியானது. மேலாளர் கைதட்டினார். மூடாமல் விட்டால் என்ன ஆகும் என்று அங்கே ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை.

அவளுடைய அப்பாவுக்கும் அவளே ஒரு பொத்தான் மாட்டிவிட்டிருந்தாள். அவர் அழுத்தினால் அவளே போன் செய்வாள்; மகளின் குரல் கேட்க அவருக்கு அது ஒரு சாக்கு.

"சாப்பிட்டியாம்மா?"

"இதுக்கா அழுத்தினீங்க? மானத்த வாங்காதீங்கப்பா."

அன்று காலையிலும் அப்பாவின் மணி அடித்தது. "நான் பாத்துக்கறேன்" என்று மற்றவர்களிடம் சொன்னாள். மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது. சாயங்காலம் நேரில் போகத்தானே போகிறோம் என்று, போன் செய்யாமல், வரியைத் திறந்தபடியே விட்டாள்.

சாயங்காலம் போனபோது அப்பா குளியலறைத் தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பொத்தான் கைக்குள் இருந்தது.

இனி நடக்க மாட்டார் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து போனில் அந்த வரியை எடுத்துப் பார்த்தாள். மத்தியானம் முழுக்க எண்ணிக்கை ஏறியிருந்தது. மணி அடித்தது என்னவோ காலையில் ஒரே ஒரு தடவைதான். காரணம் எழுதும் கட்டம் காலியாக இருந்தது. அதில் எதை எழுதுவாள்? வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நமக்கு அவளைத் திட்டவும் மனம் வரவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

உள்ளே போனதும் அப்பா பொத்தானைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"காலைல சும்மாதாம்மா அழுத்தினேன். அப்புறம்தான் வழுக்கிடுச்சு. அழுத்திக்கிட்டே இருந்தேன். இது ரிப்பேர் போல. உனக்குக் கேட்டிருந்தா ஓடி வந்திருக்க மாட்டியா?"

அவள் பொத்தானை வாங்கிக்கொண்டாள்.

"இன்னொருத்தருக்கு இப்படி ஆகக் கூடாது. இதச் செஞ்சது யாருன்னு விசாரிச்சு நல்லா நாலு வார்த்த கேளு."

"கேக்கறேம்பா" என்றாள்.