மேஸ்திரியின் மைக்ரோகோடு

அலுவலகத்தில் அவரை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். செங்கல்லைக் கையால் தொட்டவர் இல்லை. மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களை ஒன்றுசேர்த்து 'பில்ட்' செய்து கொடுப்பது அவர் வேலை. அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். ஒருமுறை வாசல் காவலாளி, தன் வீட்டுக்கு மதில் எழுப்ப எத்தனை நாளாகும் என்று மரியாதையாகக் கேட்டுவிட்டார். மேஸ்திரி சிரிக்காமல், தனக்குத் தெரிந்த கொத்தனாரிடம் அனுப்பிவைத்தார்.

கலங்கரை விளக்கம், மலையுச்சிக் கோபுரம், வானிலை நிலையம் என்று ஆள் நடமாட்டம் குறைந்த இடங்களில் வைக்கும் சிறு கணினிகளை அந்த நிறுவனம் செய்துவந்தது. கணினிக்கு மின்சாரம் வந்ததும் முதலில் கண் விழிப்பது பூட்லோடர் என்ற சின்ன புரோகிராம். கணினியின் மூளையான புராசஸர் விற்பனைக்கு வந்தபின் அதில் பிழை தெரிந்தால், செய்தவர்கள் மைக்ரோகோடு என்ற திருத்தத்தை அனுப்புவார்கள். ஆனால் மின்சாரம் போனால் புராசஸர் அந்தத் திருத்தத்தை மறந்துவிடும். எனவே ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் பூட்லோடர் அதை ஊட்டியாக வேண்டும். எந்தப் புராசஸருக்கு எந்தத் திருத்தம் என்று பார்த்து, பூட்லோடரோடு ஒரே கோப்பாகக் கட்டி வைப்பது மேஸ்திரியின் பொறுப்பு.

கல்யாணமான புதிதில் இதை மனைவிக்கு விளக்கியபோது அவள், "தினமும் காலையில உங்க சட்டை எங்க இருக்குன்னு நான் சொல்றேனே, அந்த மாதிரியா?" என்று கேட்டாள். இத்தனை சுருக்கமாக அவருக்கே சொல்ல வந்ததில்லை.

அவள் வானிலைத் துறையில் இருந்தாள். நடுக்கடலில் ஒரு தீவு நிலையத்துக்கு ஓராண்டுப் பணிக்கு ஆள் கேட்டபோது கை தூக்கினாள். சிறு வயதிலிருந்தே காற்று என்றால் அவளுக்குப் பைத்தியம். மேஸ்திரி மறுப்புச் சொல்லவில்லை. துறைமுகத்தில் வழியனுப்பிவிட்டு வந்து, ஒரு தம்ளர் அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று அம்மாவிடம் போனில் கேட்டார். அம்மாவுக்கு மருமகள் மேல்தான் கோபம். "புருஷனை விட்டுட்டுக் காத்தை அளக்கப் போயிருக்கா" என்று போனிலேயே பொருமினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தீவிலிருந்து செயற்கைக்கோள் வழியாகப் போன் வரும். சில நிமிடங்கள்தான். அவள் பறவைகளைப் பற்றிப் பேசுவாள். இவர் குழம்பு கருகியதைச் சொல்லுவார். மழைக்காலம் தொடங்கியதும் அந்தப் போன் நின்றது.

முதல் வாரம், வானம் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். பிறகு சாப்பாடு இறங்கவில்லை. தீவில் பழைய வயர்லெஸ் ஒன்று தனியாக இருந்தது. அது அலுவல் செய்திக்கு மட்டும். சொந்தக் கதை பேச முடியாது. கடல் கொந்தளித்ததால் படகும் போகவில்லை. வயர்லெஸ்ஸில் வரும் அளவுகளைத் துறை தினமும் தன் இணையப் பக்கத்தில் போடும். மேஸ்திரி காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பார். தென்மேற்குக் காற்று, இவ்வளவு வேகம். அவள் எழுந்திருக்கிறாள், மாடிப்படி ஏறியிருக்கிறாள், கருவியைப் பார்த்திருக்கிறாள். அவ்வளவு தெரிந்தால் போதும் என்று பல் தேய்க்கப் போவார். போதவில்லை என்பது குளிக்கும்போது தெரியும்.

ஒருநாள் மேலாளர் அவர் மேசைக்கு வந்து, தீவு நிலையத்திலிருந்து புகார் என்றார். மழைக்குச் சற்று முன் புதிதாக வைத்த கணினி அடிக்கடி உறைந்து நின்றுவிடுகிறதாம். போன் இணைப்பும் அதன் வழியாகத்தான் போகிறதாம். இத்தனை வாரமாக அவள் குரலை அடைத்து வைத்திருந்தது தன் நிறுவனத்தின் கணினி.

தீவுக்குப் போன கணினியோடு சேர்த்துச் செய்த இன்னொரு கணினிப் போர்டு கிடங்கில் இருந்தது. எடுத்து வந்து மின்சாரம் கொடுத்தார். திரையில் முதலில் ஓடும் வரிகளில், ஏற்றப்பட்ட மைக்ரோகோடின் எண் பூஜ்யம் என்று வந்தது. அதாவது எதுவுமே ஏறவில்லை. கொள்முதல் பிரிவினர் அதே பெயரில் வந்த புதிய புராசஸரை வாங்கிப் போட்டிருந்தார்கள். பெயர் ஒன்றானாலும் உள்ளே அடையாள எண் வேறு. பூட்லோடர் அந்த எண்ணுக்குத் திருத்தம் தேடி, கிடைக்காமல், மூச்சுக்காட்டாமல் மேலே போய்விட்டிருந்தது. திருத்தப்படாத பிழைதான் கணினியை உறைய வைத்தது.

உரிய திருத்தத்தைச் சேர்த்துக் கட்டினார். கோப்பு ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. தொடக்கத்தில் திரையில் தோன்றும் நிறுவனச் சின்னத்தின் படத்தை எடுத்தால் இடம் வரும். அது முதலாளி ஆசையாக வரைந்தது. மேலாளர் தலையைச் சொறிந்துவிட்டு, தீவில் அதை யார் பார்க்கப்போகிறார்கள், எடுத்துவிடுங்கள் என்றார்.

கடல் அடங்கியதும் பழுது பார்ப்பவர் படகேறினார். தானும் போவதாக மேஸ்திரி கேட்டுப் பார்த்தார். படகில் ஓர் ஆளுக்குத்தான் இடம். புதிய கோப்பு இருந்த பென்டிரைவைப் பழுது பார்ப்பவர் கையில் கொடுத்தபோது, அவளிடம் சொல்ல எவ்வளவோ இருந்தும், "ஈரம் படாம பாத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது.

"கேக்குதா?" என்றாள்.

"கேக்குது. நல்லா கேக்குது."

பிறகு அவள், "ஒண்ணு சொல்லணும். இன்னும் ஒரு வருஷம் இருக்க முடியுமான்னு வயர்லெஸ்ல கேட்டாங்க. உடனே பதில் சொல்லணும்னாங்க. சரின்னுட்டேன்" என்றாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே."

"எதுல கேக்கறது? போன்தான் செத்துக் கிடந்துதே."

கேட்டிருந்தால் திரும்பி வா என்றுதான் சொல்லியிருப்பார். அது அவளுக்கும் தெரியும்.

"காத்து எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"பிரமாதமா இருக்குங்க" என்றாள். குரலில் இருந்த சந்தோஷத்தை அவளால் மறைக்க முடியவில்லை.

மறுநாள் மேஸ்திரி பில்டில் ஒரு சோதனையைச் சேர்த்தார். போர்டில் உள்ள புராசஸருக்கு உரிய மைக்ரோகோடு இல்லையென்றால் பில்ட் அங்கேயே நின்றுவிடும். அவசர நேரத்தில் அது குறுக்கே நிற்பதாகச் சிலர் முணுமுணுத்தார்கள். எத்தனை பேர் சொல்லியும் அதை மட்டும் அவர் எடுக்கவில்லை.

அந்த ஆண்டும் கழிந்தது. முகம் கறுத்து, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு அவள் படகிலிருந்து இறங்கினாள். காற்றின் இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய தொண்டை. வீட்டிலும் சத்தமாகவே பேசினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை என்று நினைத்தார்கள். மெதுவாகப் பேசு என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சில மாலைகளில் அவள் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து முகத்தை வெளியே நீட்டுவாள். தெருவில் இலைகூட அசையாது. அவள் அப்படியே நிற்பாள். அவர் அடுப்புத் தீயைக் குறைத்துவிட்டு, அவள் உள்ளே திரும்பும்வரை காத்திருப்பார்.