பைபாஸ் போடச் சொன்னது நான்

கருகிய மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது என் பிழைப்பு. ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பருப்பு மில்லின் பெரிய மோட்டாருக்கே மூன்று முறை கட்டியிருக்கிறேன். கரண்ட் போனால் மிஷினுக்குள் பருப்பு நிரம்பி நிற்கும். கரண்ட் வந்ததும் அந்தப் பாரத்தோடு பட்டனைத் தட்டுவார்கள். மோட்டார் முக்கி முனகிக் கருகும். சலித்துப்போய், முதலாளியோடு மல்லுக்கட்டி சாஃப்ட் ஸ்டார்ட்டர் மாட்டவைத்தேன். அது கரண்டைச் சிறுகச் சிறுகக் கொடுத்து மோட்டாரைக் கிளப்பும். பாரம் மிஞ்சினால் தானே நிறுத்திவிடும். பருப்பை அள்ளிவிட்டுத்தான் போட வேண்டும் என்று எல்லோரிடமும் படித்துப் படித்துச் சொன்னேன்.

சீசனில் ஒரு மத்தியானம், சிவகாசியில் காலண்டர் பிரஸ் ஒன்றில் காலையிலிருந்து சாப்பிடாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மில் ஆபரேட்டர் போன் செய்தார். என் வயதுக்காரர், அந்த மில்லே கதி என்று கிடப்பவர்.

"அண்ணாச்சி, ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆயிக்கிட்டே இருக்கு. லாரி வேற நிக்குது. ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்."

"பருப்பை அள்ளுனீகளா?"

"அள்ள ஆளு இல்ல. எல்லாரும் லோடு ஏத்துறாக."

அள்ளாமல் தொடாதீர்கள் என்றிருக்க வேண்டும். எனக்கு வாதாடத் தெம்பில்லை. "பைபாஸ்ல போட்டு ஓட்டுங்க, சாயங்காலம் வாரேன்" என்று வைத்துவிட்டேன். பைபாஸ் என்றால், ஸ்டார்ட்டரை ஒதுக்கிவிட்டு நேரடியாகக் கரண்ட் கொடுப்பது. தடுக்க எதுவும் இருக்காது. அது எனக்குத் தெரியாதா?

சாயங்காலம் போனபோது கருகிய வாடை வாசலிலேயே அடித்தது. முதலாளி பாய் கொதித்துக்கொண்டிருந்தார். ஆபரேட்டர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு முதலாளியிடம் சொன்னார்.

"அவசரத்துல நாந்தான் போட்டுட்டேன் பாய்."

"இல்ல பாய், நாந்தான் போன்ல போடச் சொன்னேன்" என்றேன்.

முதலாளி என் தோளில் கை வைத்தார். "நீங்களா? பாரத்தோட போடாதீகன்னு அம்புட்டு தடவை சொன்ன ஆளு! அடுத்தவன் பொழப்புக்காகப் பழியை ஏத்துக்கிறீக. உங்க மனசு எனக்குத் தெரியும்."

போனை எடுத்துக் காட்டினேன். "கூப்பிட்டிருப்பான். நீங்க வேணாம்னுதான் சொல்லியிருப்பீக" என்றார்.

ஆபரேட்டரை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறப் போனார். அதற்குப் பிறகு என் போனை அவர் எடுக்கவில்லை.

போன வாரம் மில்லுக்குப் போயிருந்தேன். "தங்கமான மனுசன்" என்று முதலாளி புது ஆபரேட்டரிடம் என்னைக் காட்டினார். உண்மையை மறுபடியும் சொல்லலாம்தான். சொன்னால் இன்னும் நல்லவன் ஆகிவிடுவேன்.