வத்தையில் ஒரு மணல் மூட்டை

"...இன்னிக்கும் மணல் மூட்டைதானாண்ணே, இல்ல உங்க ஆளு வருவாரா? தண்ணி வத்த ஆரம்பிச்சிருச்சு. சட்டுன்னு ஒண்ணு சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. முழங்கால் தண்ணீரில் வத்தையைப் பிடித்துக்கொண்டு முனியசாமி கேட்கிறார். நான் கரையில், வீங்கிய வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நிற்கிறேன். வத்தை என்பது இந்தப் பக்கத்து மீனவர்கள் கம்பு ஊன்றித் தள்ளும் சின்னப் பலகைப் படகு. அவருக்கு நான் சொன்ன பதிலைச் சொல்வதற்கு முன், முதல் நாள் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை ஐந்து பத்துக்கு மதுரை மாட்டுத்தாவணியில் ராமநாதபுரம் பஸ். டிக்கெட் நூற்றைந்து ரூபாய். ஜன்னலோரம் நான், பக்கத்து சீட்டில் தூண்டில் பை. கண்டக்டர் வந்து நின்றார்.

"பைக்கும் சேத்து எடுத்துருவமா?"

"ஒரு ஆளு வருவாருண்ணே. அதான் எடம் பிடிச்சிருக்கேன்."

"ஆளு வரட்டும், சிம்மாசனமே போடுவோம். இப்ப பைய மடியில வைங்க."

திருப்புவனம் வந்தது, மானாமதுரை வந்தது, பரமக்குடியும் வந்தது. ஆள் வரவில்லை.

நான் பழங்காநத்தத்தில் ஃபேன், மிக்ஸி மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவன். படிப்பு எட்டாவதோடு சரி. மிச்சத்தையெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் வாயைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஞாயிறு என்றால் ஒத்தக்கடை தாண்டி ஒரு கண்மாயில் தூண்டில். கூட வருகிற ஆள் பாண்டி, இருபது வருஷத்துக் கூட்டாளி. தூண்டிலைப் போடுவது நான். மாட்டிய மீனைக் கழற்றுவது அவன். பேசுவது நான், "ம்" கொட்டுவது அவன்.

போன ஆவணியில் அவன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையைப் போனில் அனுப்பிவிட்டான். எங்கள் பக்கம் புருஷனும் பெண்டாட்டியுமாக வீட்டுக்கு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்துக் கூப்பிட்டால்தான் கூப்பிட்டதாகக் கணக்கு. 'நான் என்ன ரோட்டுல போறவனா?' என்று முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கிளம்பி நின்ற என் மனைவியையும் போகவிடவில்லை. அந்தப் பிள்ளையை நான் தோளில் தூக்கிக்கொண்டு சித்திரைத் திருவிழா காட்டியிருக்கிறேன். அதன் கல்யாணத்தில் கை நனைக்காதவன் நான் ஒருவன்தான்.

அதோடு பாண்டி கண்மாய்க்கு வருவது நின்றது. எட்டு மாதம் ஆயிற்று. ஒரு தடவையாவது கடலில் தூண்டில் போட்டுவிட வேண்டும் என்பது நாங்கள் பேசிப் பேசியே பழசாக்கிய ஆசை. அதை வைத்தாவது அவனை இழுத்துவிடலாம் என்று, கடைக்கு ரெண்டு நாள் லீவு விட்டு, இரண்டு பேர் என்று முனியசாமியிடம் வத்தை சொல்லிவைத்தேன். பாண்டிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "மாப்ள, சனி, ஞாயிறு கடலுக்குப் போறோம். கோவத்த விட்டுட்டு வாடா." கூடவே முனியசாமி நம்பரும். நீலக் குறி விழுந்தது. பதில் விழவில்லை.

எட்டேகாலுக்கு ராமநாதபுரம். அங்கிருந்து தேவிபட்டினம் பதினைந்து கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் பதினைந்து ரூபாய். பிறகு ஷேர் ஆட்டோவில் நாலு கிலோமீட்டர், இருபது ரூபாய். இறங்கிய ஊரின் பெயரை எழுதக் கூடாது என்பது முனியசாமியின் உத்தரவு. "எழுதுனீங்கன்னா மதுரையே கெளம்பி வந்துரும். அப்புறம் மீனு எங்கிட்டுப் போகும்?"

முனியசாமிக்கு ஐம்பது வயதிருக்கும். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேருன்னீங்க?"

"ஒருத்தர் வரல."

"ஒல்லி வத்தைண்ணே. ரெண்டு பேரு ரெண்டு பக்கமா உக்காந்து தூண்டி போட்டாத்தான் நேரா நிக்கும்."

"நடுவுல உக்காந்துக்கிறேன்."

"உக்காருங்க. மீனு மாட்டுறப்ப எங்கிட்டுச் சாய்வீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் ஓர் அரிசிச் சாக்கில் மணலை அள்ளினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க ஆளு எம்புட்டு கனம் இருப்பாரு?"

"என்னைவிட ஒரு சுத்து கம்மி."

ரெண்டு கை மணலைக் கொட்டிவிட்டு, சாக்கைக் கட்டி எதிர்ப்பக்கம் வைத்தார்.

வத்தை வாடகை அரை நாளுக்கு அறுநூறு. பத்தரைக்குக் கிளம்பினோம். அலை என்று பேருக்குக்கூட இல்லை. அரைக் கிலோமீட்டர் உள்ளே போன பிறகும் கம்பு தரை தட்டியது. கீழே கடல்புல் அசைவது தெரிந்தது. கண்மாயின் மறுகரையில் பனைமரமாவது நிற்கும், கோயில் கோபுரமாவது தெரியும். இங்கே மறுகரை என்று ஒன்று இல்லை. இவ்வளவு தண்ணீரைப் பார்த்து 'அடேயப்பா' என்று சொல்லத் திரும்பினால், பக்கத்தில் சாக்கு.

மூங்கில் கம்பு இங்கே வேலைக்கு ஆகாதாம். வெறும் நைலான் நரம்பு, நுனியில் ஈயம், தூண்டில் முள்ளில் இறால் துண்டு. விரலில் சுற்றிக்கொண்டு காத்திருந்தேன். முதலில் கிழங்கான் இரண்டு. வெள்ளிக் கம்பி மாதிரி மெலிசான மீன்; முனியசாமியே கழற்றிப் போட்டார். பேசாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. "மாப்ள, கொத்துதுடா" என்றேன், சாக்கைப் பார்த்து. முனியசாமி காதில் விழாத மாதிரி தூரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்தடுத்து ஓரா. உள்ளங்கை அகலம், பழுப்பு உடம்பில் புள்ளிகள். இரண்டை அவர் கழற்றினார். மூன்றாவது வந்தபோது அவர் பின்பக்கம் கம்பை ஊன்றிக்கொண்டிருந்தார். பார்ப்பதற்குக் கண்மாய் ஜிலேபிக் கெண்டை மாதிரியேதான் இருந்தது. பாண்டி அதை எப்படிப் பிடிப்பான் என்று இருபது வருஷம் பார்த்தவன் நான். தலையிலிருந்து வாலுக்கு உள்ளங்கையால் வழித்து, முதுகு முள்ளைப் படிய வைத்து, ஒரே அமுக்கு. அப்படியே செய்தேன்.

"தொடாதீங்கண்ணே!"

அதற்குள் ஐந்தாறு முள் இறங்கிவிட்டது. ஓராவுக்கு முதுகு, வயிறு எல்லா இடத்திலும் விஷ முள்ளாம். தோள்வரை ஏறிய வலியில் சாக்கைத்தான் கட்டிப்பிடித்தேன்.

ஒரு மணிக்கு முனியசாமி வீட்டில் இருந்தேன். அவர் மனைவி காளியம்மா வெந்நீர்ச் சட்டியில் கையை முக்கச் சொன்னார். ஆற ஆறச் சூடாக ஊற்றிக்கொண்டே இருந்தார். "சூட்டுக்குத்தான் அந்த வெசம் எறங்கும். தாங்குற மட்டும் வைங்க. கண்மாய்ல பிடிச்ச மாதிரி இங்கயும் பிடிச்சா அது சும்மா விடுமா?" கண்ணில் தண்ணீர் வந்தது. வலிக்கு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வலி தணிந்ததும் பாண்டி கதையைச் சொன்னேன். முனியசாமி முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "இங்க வரச்சொல்லி நீங்க அவர எப்புடிக் கூப்பிட்டீங்க?"

"போன்லதான்."

காளியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஏழு மணிக்கு முனியசாமி போன் அடித்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். "ஒருத்தரு கேட்டாரு. மதுரைக்காரரு நல்லபடியா வந்துட்டாரா, அவருக்குச் சுகரு, சாப்பிட்டதும் மாத்திரை போடச் சொல்லுங்கன்னாரு. காலைல எத்தன மணிக்குக் கடலுக்குன்னு கேட்டாரு, அஞ்சே முக்கால்னேன். பேரச் சொல்லல."

பேர் எதற்கு? மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன். நாலரைக்கே கரைக்கு வந்துவிட்டேன்.

அஞ்சே முக்காலுக்கு ஷேர் ஆட்டோ ஒன்று வந்தது. மீன் கூடைகளோடு இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஆட்டோ திரும்பிப் போனது. அந்த வெறும் ரோட்டில் எட்டு மாதமும் தெரிந்தது. அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர். நூற்று முப்பது கிலோமீட்டர் வந்து நின்றவனுக்கு அந்த ஒன்றரைக்குக் கால் எழவில்லை.

அப்போதுதான் முனியசாமி கேட்டார், இன்றைக்கும் மூட்டைதானா என்று.

"வரமாட்டாண்ணே" என்றேன். "போன்ல கூப்பிட்டான்னு நான் போகல. அவன் மட்டும் எப்புடி வருவான்?"

முனியசாமி வத்தையை மணலுக்கு இழுத்துப் போட்டார். மூட்டையை இறக்கி, கட்டை அவிழ்த்து, மணலைக் கரையிலேயே கொட்டினார். சாக்கை உதறி, கடலில் இரண்டு தடவை அலசினார். வீட்டுக்குப் போய், ஐஸில் கிடந்த மூன்று ஓராவையும் எடுத்துவந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கத்தரிக்கோலால் ஒவ்வொரு முள்ளாக வெட்டினார். முடிந்ததும் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். மீனையும் ஐஸையும் அதே சாக்கில் போட்டு இறுக்கிக் கட்டி, வீங்காத என் இடது கையில் மாட்டிவிட்டார். "ஐஸு அவரு வீடு வரைக்கும் தாங்கும்ணே" என்றார்.