வலப்பக்கச் சில்லு

மாமா ஓட்டிய பிக்கப்பின் முன்சில்லுகள் ஒவ்வொன்றின் நடுவிலும் உள்ளங்கை அளவில் ஒரு திருகு இருந்தது. அதில் இரண்டு குறிகள். ஒன்றில் நின்றால் சில்லு சும்மா உருளும். மற்றதற்குத் திருப்பினால் இயந்திரத்தின் விசை அதற்கும் போகும்; அதைத்தான் பூட்டுவது என்போம். தார் வீதியில் திறந்திருக்க வேண்டும். மணலிலும் சேற்றிலும் பூட்டியிருக்க வேண்டும். பூட்டுவதற்கு ஆள் கீழே இறங்க வேண்டும்.

இப்போது எனக்கு வாகனத் திருத்தப் பகுதியில் வேலை. அதே பிக்கப்பின் மூன்று தலைமுறைகளைக் கழற்றிப் பொருத்தியிருக்கிறேன். முதலாவதில் ஒரே நீள இருக்கை. கண்ணாடியைக் கையால் சுற்ற வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள்பலம் வேண்டும். இரண்டாவதில் பின்னாலும் இருக்கை வந்தது, குளிரூட்டி வந்தது. மூன்றாவதில் காற்றுப்பையும் பின்பக்கம் பார்க்கக் கமராவும். விளம்பரத் தாள்களில் கடைசி வரியாக இருப்பதை நான் முதலில் சொல்வேன்: இரண்டாம் தலைமுறையிலிருந்து, சில்லைப் பூட்ட ஒருவரும் இறங்கத் தேவையில்லை.

போர் முடிந்து சனங்கள் ஊர் திரும்பிய முதல் மாரி. அம்மாவின் தம்பியான மாமா, இலுப்பைக்கடவைக்கு உள்ளே இருந்த ஒரு குடியிருப்புக்குத் தண்ணீர்த் தாங்கி ஏற்றிப் போவார். சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு ஆசுப்பத்திரியில் வேலையென்றால் நானும் மன்னாரிலிருந்து அவரோடு போவேன். எனக்குப் பதினொரு வயது. குடியிருப்புக்குப் போகும் மண்பாதையில், வாகனத்தின் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே மிதிவெடி அகற்றியிருந்தார்கள். இரு ஓரமும் சிவப்புத் தலைக் கட்டைகள் நின்றன. ஆகவே மாமா ஒரு சட்டம் வைத்திருந்தார்: பூட்டுவது தார் வீதியிலேயே, மண்பாதையில் ஒருவரும் கால் கீழே வைக்கக் கூடாது.

அன்று மண்பாதை தொடங்கும் சந்திக் காவலரணில் ஆமிக்காரர் பத்திரங்களைப் பார்த்து முடிக்க நேரமெடுத்தது. அதற்குள் நான் இறங்கித் திருகுகளைப் பிடித்தேன். இடப்பக்கம் சுகமாகத் திரும்பியது. வலப்பக்கம் மணல் அடைத்துக்கொண்டு இரண்டு குறிகளுக்கும் நடுவில் நின்றுவிட்டது. இரண்டு கையாலும் முயன்றேன்; அசையவில்லை.

"பூட்டினியோ?" என்று கேட்டபடி மாமா ஏறினார்.

"ஓம் மாமா."

"ரெண்டும்?"

"ரெண்டும்தான்."

"பறவாயில்லையே. சோறு தின்னாத கை எண்டெல்லோ நினைச்சனான்."

அந்தப் பாராட்டுக்காகத்தான் பொய் சொன்னேன். வேறு காரணம் தேடிப் பார்த்திருக்கிறேன்; இல்லை.

பாதி வழியில் சேற்றில் புதைந்தோம். ஒரு பக்கம் பூட்டாவிட்டால் மற்றப் பக்கம் பூட்டியும் பயனில்லை, விசையெல்லாம் திறந்த பக்கத்தால் வீணாகும் என்பதைப் பின்னாளில் வகுப்பில் படித்தேன். மாமாவுக்கு அது அப்போதே தெரியும். "நீ இறங்காத" என்று சொல்லிவிட்டு இறங்கினார். குனிந்து திருகைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திருகைக் குறிவரை திருப்பினார். பிறகு எழுந்து ஓரடி பின்னால் வைத்தார். அந்த இடத்துக் கட்டைகளை வெள்ளம் முன்னமே இழுத்துப் போயிருந்தது.

வெடிச்சத்தம் கேட்டுக் குடியிருப்பு ஆட்கள் வந்தார்கள். மாமாவைப் பின்பெட்டியில் தூக்கிக் கிடத்தி, அவர்களில் ஒருவர் வாகனத்தை எடுத்தார். இரண்டு பக்கமும் பூட்டிய வண்டி ஒரே உறுமலில் சேற்றை விட்டு ஏறியது.

இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. விசாரித்தவர்களிடம் மாமா, "நான்தான் பூட்ட மறந்திட்டன்" என்றார். அப்படியே எழுதினார்கள். மாமியும் அதைத்தான் நம்பினார். "ஒரு நிமிசம் குனிஞ்சு பூட்டப் பஞ்சி, அவ்வளவு சோம்பல். இப்ப ஆயுசுக்கும் கதிரையில இருப்பு" என்று வருவோர் போவோருக்கெல்லாம் சொல்வார். மாமா தலை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டிருப்பார். நான் அதே வீட்டில், மாமி அவித்த புட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

தொழில்நுட்பக் கல்லூரிக்கு இடம் கிடைத்ததைச் சொல்லப் போனபோது மாமா என் கையைப் பிடித்துப் பார்த்தார். "இப்ப பலமாயிருக்கும்" என்றார். அடுத்த வருடம் இறந்துபோனார்.

போன மாதம் மாமியை அதே பாதையால் ஓர் உறவினர் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வேலைத்தலத்தின் புது பிக்கப். மிதிவெடி எல்லாம் எடுத்தாயிற்று. பாதை மட்டும் இன்னும் மணல். தார் முடிந்த இடத்தில் ஒரு குமிழைத் திருப்பினேன். முன்னால் ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

"என்னடி செய்தனீ?"

"முன்சில்லைப் பூட்டினனான் மாமி."

"இருந்தபடியேயோ?" மாமி அந்த விளக்கைப் பார்த்தார். "அந்த மனுசன் இதையும் மறந்திருக்கும்."

"மாமா மறக்கேல்ல மாமி. என்னட்டக் கேட்டவர். ரெண்டும் பூட்டினதெண்டு நான்தான் பொய் சொன்னனான்."

மாமி விளக்கிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"அவருக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"அப்ப நான் இவ்வளவு காலமும் ஆரை ஏசினனான்?"

நான் பாதையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"நிப்பாட்டு" என்றார்.

நிறுத்தினேன். மாமி கதவைத் திறந்து இறங்கி, மணலில் நடக்கத் தொடங்கினார். முதலாம் கியரில் அவருக்குப் பின்னால் வாகனத்தை ஊர விட்டேன். அது ஓரிடத்திலும் புதையவில்லை. வீடு வரும்வரை மாமி ஏறவில்லை.