தாடை வைத்த பட்டன்

பல்லக்காவுக்கு ஊசி பிடிக்க வராது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை பார்ப்பவள் அவள். தெருவில் அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். சோளமணி அளவுள்ள முன்பல்லை மெழுகில் பதித்து, பக்கத்துப் பல்லோடு ஒட்டியும் ஒட்டாமலும் நிறுத்தி, போட்டவர் சிரித்தால் பெற்ற தாய்கூடக் கண்டுபிடிக்க முடியாதபடி செய்துவிடுவாள். அதே கையில் நூல் கோத்த ஊசியைக் கொடுத்துவிட்டால் போதும். பட்டன் ஒரு பக்கம் உருளும், நூல் ஒரு பக்கம் சிக்கும், விரல் நுனியில் ரத்தம் பொட்டு வைக்கும்.

அவள் கணவர் பஸ் டிரைவர். அவருடைய தொப்பைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடந்த சண்டையில் தோற்றது எப்போதும் சட்டைப் பட்டன்தான். அதைத் தைத்துக் கொடுக்க வீட்டிலேயே ஆள் இருந்தாள். டிரைவரின் தங்கை. வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையல்கடை. காலையில் அண்ணன் சட்டையைக் கழற்றாமலே முன்னால் வந்து நிற்பார். அவள் வாயில் நூலைக் கடித்தபடி, அவர் மூச்சு விட்டு முடிப்பதற்குள் தைத்து முடித்துவிடுவாள்.

"பல்லைக் கட்டத் தெரிஞ்ச கைக்கு ஒரு பட்டனைக் கட்டத் தெரியலையே அண்ணி!" என்பாள்.

"பல்லு ஆடினா ஊரே பாக்கும். பட்டன் ஆடினா உங்க அண்ணன் வயிறு மட்டும்தானே தெரியும்" என்பாள் பல்லக்கா.

இப்படிப் பேச்சு வளர்ந்த ஒருநாள், பல்லக்கா ரோஷமாகச் சொல்லிவிட்டாள்: "தைக்காமலே நிக்கிற பட்டன் ஒண்ணு செஞ்சு காட்டறேன், பாரு."

"செய்ங்க. அன்னிக்கே நான் கடையை இழுத்து மூடிட்டு உங்ககிட்ட பல்லு செய்யக் கத்துக்கறேன்."

விளையாட்டாகத்தான் தொடங்கியது. வேலை முடிந்ததும் மேசையில் மிஞ்சிய, பல் வார்க்கும் பிசினில் ஒரு பட்டனை வார்த்தாள். இரண்டு துண்டு. துணிக்கு அடியிலிருந்து முள் ஒன்று மேலே வரும். மேல் துண்டில் அதற்கு ஒரு குழி. குழிக்குள் முள் எப்படி நிற்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கழற்றி மாட்டும் பல்லைப் பக்கத்துப் பல்லோடு பிடித்துவைக்கும் கம்பிக் கொக்கி அவளுக்கு அன்றாட வேலை. பல்லின் வயிறு பருத்த இடத்தைத் தாண்டும்போது கொக்கி கொஞ்சம் விரியும். கீழே ஒடுங்கிய இடம் வந்ததும் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். பட்டன் முள்ளுக்கும் அப்படியே ஒரு வயிறு வைத்தாள். அழுத்தியதும் பிடித்துக்கொண்டது.

டிரைவர் அந்தப் பட்டனோடு பெருமையாகப் பஸ் ஓட்டினார். சில சலவை தாண்டியதும் சட்டையில் எலி கடித்த மாதிரி ஓட்டை. பட்டன் பத்திரமாக இருந்தது, சட்டைதான் இல்லை.

"பட்டன் நிக்கும்னு சொன்னே. சட்டை நிக்கும்னு நீ சொல்லலையே" என்றார் அவர்.

மறுநாள் அவள் அந்தக் கிழிசலை வேலைக்கு எடுத்துப்போனாள். பல்லின் விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அவள் மேசையில் ஒரு பெரிய லென்ஸ் உண்டு. அதன் அடியில் துணியை வைத்து விளக்கைப் போட்டாள். போட்டவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிறந்தது முதல் உடுத்துகிற பொருள் அது. அன்றுதான் பார்த்தாள். நூல் ஒவ்வொன்றும் முறுக்கிய கயிறாகக் கிடந்தது. ஒன்றின் மேல் ஏறி, அடுத்ததன் கீழ் இறங்கி, எங்கும் அவசரமில்லாமல், எங்கும் தவறாமல். ஒரு முழத் துணிக்குள் இத்தனை ஏற்ற இறக்கமா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. நூலுக்கு நூல் நடுவே, சதுரம் சதுரமாக, வெளிச்சம் தெரிந்தது. கிழிந்த இடத்தில் நூல்கள் அறுந்து நின்றன. அவள் கூர்மையாகத் தீட்டிய முள்தான் அவற்றை அறுத்திருந்தது. கூர் இருந்தால் சுலபமாக நுழையும் என்று நினைத்துச் செய்தது.

பக்கத்தில் கிடந்த மெழுகு வேலைக் கருவி ஒன்றின் மழுங்கிய நுனியைக் கிழியாத இடத்தில் வைத்து மெல்லத் திருகினாள். லென்ஸுக்கு அடியில் நூல்கள் ஒதுங்கின. கூட்டத்தில் பெரியவர் ஒருவர் வந்தால் ஆட்கள் இருபுறமும் விலகுவார்களே, அப்படி. ஒன்றுகூட அறவில்லை. கருவியை வெளியே எடுத்துத் துணியை விரலால் நீவினாள். நூல்கள் பழையபடி சேர்ந்துகொண்டன. ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை.

"அம்மாடி" என்றாள் வாய்விட்டு. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவரையும் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்து, "துணிதானேக்கா" என்றார். "ஆமா, துணிதான்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி குனிந்தாள்.

அதற்குப் பிறகு முள்ளின் நுனியை உருண்டையாக்கினாள். பட்டன் நின்றது, சட்டையும் நின்றது. நாத்தனார் இழுத்துப் பார்த்து, "பரவாயில்லை" என்று உதட்டைப் பிதுக்கினாள். கடையை மூடவில்லை. பட்டன் ஒரு டப்பாவுக்குள் போயிற்று. விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

அந்த மழைக்காலத்தில் ஒரு காலை, துணி வெட்டிக்கொண்டிருந்த நாத்தனாரின் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் எழவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். உயிருக்கு மோசமில்லை, பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கால் இழுத்து இழுத்து நடக்கப் பழகியது. வலது கை மட்டும் வரவில்லை. யாரோ கொடுத்துவைத்துவிட்டு மறந்துபோன பொருள்போல அது அவள் மடியிலேயே கிடந்தது.

கடையின் திரை இறங்கியது. வீட்டில் கேலிப் பேச்சும் நின்றுபோனது. டிரைவர் பட்டன் போன சட்டையை யாருக்கும் தெரியாமல் மடித்து உள்ளே வைத்துவிட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டு போனார்.

ஒருநாள், விஷயம் தெரியாத பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் பட்டன் அறுந்த கோட் ஒன்றை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவளுக்கும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மாலையில் பல்லக்கா வேலையிலிருந்து வந்தபோது நாத்தனார் தரையில் உட்கார்ந்திருந்தாள். கோட் முழங்காலுக்கு அடியில், ஊசி மரப்பலகையில் குத்தி, நூல் அவள் உதட்டில். நூல் நுனி எச்சிலில் ஊறித் துவண்டிருந்தது. எவ்வளவு நேரமாக முயன்றாளோ.

"ஒரு பட்டன் அண்ணி" என்றாள். "ஒரே ஒரு பட்டன்."

பல்லக்கா உள்ளே போய் டப்பாவிலிருந்து தன் பட்டனை எடுத்துவந்து அவள் இடது கையில் வைத்தாள். நாத்தனார் முள்ளைத் துணிக்கு அடியில் கொண்டுபோனாள். மேல் துண்டை எடுக்கக் கையை வெளியே எடுத்ததும் முள் விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்து, உருண்டு, தையல் மெஷினுக்கு அடியில் போய் நின்றது.

"இதுக்கும் ரெண்டு கை வேணும் அண்ணி" என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கோட்டுக்குப் பட்டனைப் பல்லக்காவே அழுத்திக் கொடுத்து அனுப்பினாள். ஆனால் அந்த வார்த்தை அவளோடு வேலைக்குப் போனது, சாப்பிட உட்கார்ந்தது, பஸ்ஸில் வந்தது.

அவள் வேலை செய்யும் மேசையில் தாடைச் சட்டம் என்று ஒன்று உண்டு. மேல்தாடையின் அச்சு மேலே, கீழ்த்தாடையின் அச்சு கீழே, பின்னால் ஒரு கீல். பல் வரிசையைப் பதித்தபின் அதைத் திறந்து மூடி, கடி சரியாக விழுகிறதா என்று பார்ப்பார்கள். அன்று ஒரு பெரியவருக்கான முழு செட். இடது கையில் மெழுகுக் கத்தி இருந்ததால் வலது கையால் மட்டும் சட்டத்தை மூடினாள். டக். திறந்தாள். டக். மேல்பல் கீழ்ப்பல்லைத் தேடவில்லை. எத்தனை முறை மூடினாலும் அதே இடத்தில்தான் போய் உட்கார்ந்தது. மூடியது ஒரே கை.

கையைச் சட்டத்திலிருந்து எடுக்காமல் நின்றாள்.

"என்னக்கா, பல்லு கடிச்சிடுச்சா?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"கடிக்கட்டும். எனக்கு அதுதான் வேணும்" என்றாள்.

இரண்டு துண்டாக இருந்த பட்டனுக்கு ஒரு தாடை வைப்பது என்று தீர்மானித்தாள். அடித்துண்டையும் மேல்துண்டையும் மெல்லிய பட்டை ஒன்று இணைக்கும். வாயைத் திறந்த மாதிரி அதைத் துணியின் ஓரத்தில் செருகி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு கிள்ளு. முள் தானே குழியைத் தேடிப் போய்ச் சேரும். நினைக்கச் சுலபம். அவளுக்குப் பழகிய பிசினில் செய்த பட்டை, மடித்ததும் முறுக்குப்போல ஒடிந்தது. தடிமனாக்கினால் மடியவே இல்லை. கடைசியில், வளைந்துகொடுக்கும் பல்செட்டுகளுக்கு வாங்கும் நைலானைக் கேட்டாள். கூடத்தின் முதலாளி, "முதல்ல டாக்டருங்க பல்லு. அப்புறம் உன் பட்டன். அது என்னிக்காவது துணியைக் கடிச்சு வச்சா எனக்கும் காட்டு" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

நைலான் மடிந்தது. எத்தனை மடித்தாலும் ஒடியவில்லை. ஆனால் புதுக் கவலை ஒன்று வந்தது. துணியின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பட்டை வெளியே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதை நாத்தனார் முன்னால் வைத்தாள். "ஓரத்துல வாலு மாதிரி தெரியுது. பாக்க நல்லால்ல. அதை என்ன பண்றதுன்னுதான் தெரியலை."

நாத்தனார் அதைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். நோய் வந்தபிறகு அந்த வீட்டில் அவள் சிரித்தது அதுதான் முதல் முறை. வாய் ஒரு பக்கமாகக் கோணினாலும் சிரிப்பு பழைய சிரிப்பு.

"அண்ணி, இத்தனை வருஷமா சட்டையைப் பாக்கறீங்க! பட்டன் இருக்கிற பக்கம் எப்பவும் அடியிலதானே இருக்கு? பட்டன் நுழையுற காஜாப் பக்கம் மேல வந்து மூடிடும். உங்க வாலை எவன் வந்து பாக்கப்போறான்?"

பல்லக்கா கணவரைக் கூப்பிட்டு நிறுத்தி, அவர் நெஞ்சில் சட்டையைத் திறந்தும் மூடியும் பார்த்தாள். உண்மைதான்.

"மூணாம் பட்டனைக் காணோம், பாத்தியா?" என்றார் டிரைவர், சந்தர்ப்பத்தை விடாமல்.

நாத்தனார் இடது கையை நீட்டினாள். பட்டனை விரல் நடுவில் எடுத்தாள். அண்ணன் அவள் உயரத்துக்கு முக்காலியில் உட்கார்ந்தார். சட்டை ஓரத்தில் அதைச் செருகி, விரலால் தடவி இடம் பார்த்தாள். அளவு நாடா இல்லாமல் இடம் பார்க்க அந்த விரலுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பிறகு கிள்ளினாள்.

டிக்.

அவள் பட்டனைப் பிடித்து இழுத்தாள். சட்டை வந்தது, சட்டைக்குள்ளிருந்த அண்ணனும் முன்னால் வந்தார், பட்டன் வரவில்லை. டிரைவர் தங்கையின் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் முதலாளி நாத்தனார்தான். இஸ்திரிப் பெட்டியை வைத்துப் பார்த்தாள், கல்லில் அடிக்கச் சொன்னாள், குறை சொன்னாள். "கிள்ள முடியலை, விரல் வலிக்குது." "மெல்லிசுத் துணியில ஆடுது." "கோட்டுத் துணியில வாய் மூடவே மாட்டேங்குது." ஒவ்வொன்றுக்கும் பல்லக்கா மெழுகை எடுத்து மறுபடி செதுக்கினாள். சட்டைக்கு ஒன்று, தடித்த துணிக்கு ஒன்று என்று பட்டன் இரண்டாகப் பிரிந்தது. கடையின் திரையும் எப்போதோ ஏறிவிட்டது. ஏற்றியது யார் என்று யாரும் கேட்கவில்லை.

பாட்டில் மூடிகளுக்கு அச்சு செய்யும் ஒருவரிடம் டிரைவர் பல்லக்காவை அழைத்துப்போனார். அச்சுக்காரர் பட்டனை உள்ளங்கையில் வைத்துத் திறந்தார், மூடினார், திறந்தார். டீ ஆறிப்போனது.

"யாரும்மா வரைஞ்சு கொடுத்தது?"

"வரையலைண்ணே. மெழுகுல செதுக்கினேன்."

"இந்த நுனி ஏன் மொட்டையா இருக்கு? ஊசியா இருந்தாத்தானே இறங்கும்?"

பல்லக்கா துணியின் நூல்கள் விலகுவதைச் சொன்னாள். சொல்லும்போது இரண்டு கை விரல்களையும் கோத்து, பிரித்து, மறுபடி சேர்த்துக் காட்டினாள். அவர் தன் சட்டை முனையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "நானும் இதைத்தான் போட்டுக்கிட்டுத் திரியறேன்" என்றார் கடைசியில்.

உருக்கில் அச்சு தயாரான அன்று மூவரும் போயிருந்தார்கள். மெஷின் மூடியது, பெருமூச்சு விட்டது, திறந்தது. கிளையில் மொட்டுகள்போலப் பட்டன்கள் தொங்கின. எல்லாம் சின்னதாக வாயைத் திறந்துகொண்டு. மறுபடி மூடியது, இன்னொரு கிளை. பல்லக்கா ஒன்றைக் கையில் எடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது. அவள் செய்த பல் ஒவ்வொன்றும் ஒரே ஒரு வாய்க்கானது. அந்த ஆளின் கடி, அந்த ஆளின் நிறம். ஒன்றைப்போல இன்னொன்றை அவள் செய்ததே இல்லை. இங்கே அவள் செதுக்கிய ஒன்று, முகம் தெரியாத யார் யார் நெஞ்சிலோ போய் உட்காரப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. மெஷின் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்கா அண்ணி?"

"பயமில்லடி. என்னமோ... பெருசா இருக்கு."

ஊரெல்லாம் அந்தப் பட்டன் பரவிவிட்டது என்று சொன்னால் பொய். கடைகளில் இன்னமும் ஊசி நூல்தான். பல்லக்காவும் பல்தான் செய்கிறாள். அச்சுக்காரர் தேவைக்கு வார்த்துக் கொடுக்கிறார். ஆனால் ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி கொடுக்கும் அறையில், அலமாரியின் கைக்கெட்டும் தட்டில், அந்தப் பட்டன்கள் நிறைந்த கிண்ணம் ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமைகளில் நாத்தனார் அங்கே போகிறாள். இப்போது சிகிச்சைக்கு அல்ல, சொல்லிக்கொடுக்க.

போன வாரம் அங்கே வந்தவர் வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறவர். சாரம் சரிந்து ஒரு கை விளங்காமல் போனவர். பயிற்சி கொடுக்கும் பெண் எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாத்தனார் எதிரில் உட்கார்ந்து, மடியில் விரித்த பழைய சட்டையில் ஒரு பட்டனைக் கழற்றினாள், மாட்டினாள். அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் ஒன்றை எடுத்துத் தன் சட்டை ஓரத்தில் கிள்ளினார், முதல் தடவை கோணலாகப் போனது. இரண்டாம் தடவை டிக் என்றது. அவர் சட்டையைக் குனிந்து பார்த்தார். இழுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார், அதற்குக் கீழேயே மாட்டினார். அப்புறம் இன்னொன்று. சட்டை ஓரத்தில் தேவையே இல்லாத இடத்திலெல்லாம் மாட்டிக்கொண்டே போனார். யாரும் தடுக்கவில்லை.

கிண்ணம் பாதியானதும் நிமிர்ந்தார். "இதை யாரும்மா செஞ்சது? எந்த இன்ஜினியரு?"

"எங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "பல்லு செய்யுறவங்க."

"பல்லா?"

"ஆமா. தைக்க வராது அவங்களுக்கு."