பெருமாள் கொட்டிய தண்ணீர்

பகல் பன்னிரண்டரைக்கு ரவாங்கிலிருந்து கிளம்பினோம். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்த்துத் திரும்ப நூற்றைம்பது வெள்ளி வாடகை என்று பேச்சு. "வழியில மாமா எஸ்டேட்ல திருவிழா சார். தலைய காட்டிட்டுப் போலாம் லா," என்றார் ஓட்டுநர் முருகையா. சாப்பாடு உண்டா என்று கேட்டேன். உண்டு என்றதும் சம்மதித்தேன்.

இருபுறமும் செம்பனைத் தோட்டம். பேச்சு என் பைத்தியத்துக்கு வந்தது. நான் நாகர்கோவில்காரன், பழைய இஸ்ரயேலின் ராஜாக்களைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் விடமாட்டேன். புது ராஜாவை ஊற்றங்கரைக்கு அழைத்துப்போய்த்தான் அங்கே அபிஷேகம் செய்தார்கள். வெள்ளத்தின்மேல் வீற்றிருப்பவர் கடவுள். அவரிடமிருந்து ஊருக்கு மழையும் வாழ்வும் வாங்கித் தருபவரே நல்ல ராஜா. அப்படி நம்பிய ஜனங்கள். போன வருடம் எருசலேமில் அந்த ஊற்றில் கால் நனைத்த கதையையும் சொன்னேன்.

பிறகு தாவீது ராஜா. போர்க்களத்தில் தாகம். பெத்லகேம் கிணற்றுத் தண்ணீர் கிடைக்காதா என்று ஏங்கினார். கிணறோ எதிரியின் பிடியில். மூன்று வீரர்கள் எதிரிப் பாளையத்தைப் பிளந்துகொண்டு போய் மொண்டுவந்தார்கள். அவர் குடிக்கவில்லை. இது இவர்களுடைய ரத்தம் என்று சொல்லி, கடவுள் முன் தரையில் ஊற்றிவிட்டார்.

"சுத்த வேஸ்ட் சார்," என்றார் முருகையா. எனக்கும் வெகுநாளாக அதே எண்ணம்தான். உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்ததைக் கொட்டுவது என்ன மரியாதை?

ஒன்றேமுக்காலுக்கு எஸ்டேட்டை அடைந்தோம். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. முருகையாவின் மாமா பெருமாள் மஞ்சள் வேட்டியோடு கோவில் வாசலில் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வருடம் காத்திருந்து கரகம் தூக்கும் முறை அவருக்கு வந்திருந்தது. கோவில் முன்னால் தலை முழுகிய பிறகே கரகத்தைத் தொடலாம். நாலு மணிக்குள் முழுகாவிட்டால் முறை அடுத்த லயத்துக் குடும்பத்துக்குப் போய்விடும். பக்கத்து ஆற்றில் உப்பு ஏறிய சேற்றுநீர். அதனால் அவர் மகன் குமாரும் இரண்டு கூட்டாளிகளும் உலு யாம் மலையாற்றுக்கு வேன் எடுத்துப் போயிருந்தார்கள்.

மூன்றரைக்கு வேன் வந்தது. இரண்டு பீப்பாய் நிறையத் தெளிந்த தண்ணீர். குமாரின் தலையில் துண்டுக் கட்டு, சட்டையெல்லாம் ரத்தம்.

"பாறையில வழுக்கிருச்சுப்பா. ஒண்ணுமில்ல, நீங்க குளிங்க."

பெருமாள் கட்டை விலக்கிக் காயத்தைப் பார்த்தார். தண்ணீரையும் பார்த்தார். "இதுல நான் குளிக்க மாட்டேன்டா. இது ஆத்தாளுக்கு," என்று பீப்பாயைச் சாய்த்து மாரியம்மன் வாசற்படியில் ஊற்றினார். இரண்டாவதையும் ஊற்றினார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. முருகையா என்னைத் திரும்பிப் பார்த்தார். பெருமாளின் மனைவி லெட்சுமிக்குச் சிலிர்க்கவில்லை.

"ஒலை வைக்கத் தண்ணி இல்ல, இவரு மகாராஜா மாதிரி கொட்டுறாரு. இப்ப எதுல குளிப்பீங்க?"

"கரகம் போனா போவட்டும். புள்ள ரத்தத்தத் தலையில ஊத்திக்கவா?" குரல் உடைந்தது. அந்தக் கரகத்தை அவர் எவ்வளவு ஆசைப்பட்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

லெட்சுமி விடுவிடென்று வீட்டுக்குள் போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தேன். சமையலுக்கு வைத்திருந்த தண்ணீரில் ஒரு செம்பு மொண்டுவந்து, திட்டிக்கொண்டே கணவர் தலையில் ஊற்றினார். அடுத்த வீட்டிலிருந்து ஒரு செம்பு வந்தது. பிறகு அதற்கடுத்த வீடு. முறைக்குக் காத்திருந்த அடுத்த லயத்துக் குடும்பமும் ஒரு வாளியில் கொஞ்சம் கொண்டுவந்தது. மழைத்தண்ணீர், அரிசி களைய வைத்த தண்ணீர், போத்தலில் வாங்கிய குடிநீர். உச்சி முதல் பாதம் வரை பெருமாள் நனைந்தார். நாலு மணிக்குக் கரகம் எழுந்தது. என் பையில் பாதி போத்தல் இருந்தது. அதையும் ஊற்றியிருந்தேன்.

ஆறு மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுக் கிளம்பினோம். ஊரில் குழாயைத் திறந்து விட்டபடியே பல் துலக்குகிறவன் நான். அது நினைவுக்கு வந்து உறுத்தியது. கம்போங் குவாந்தான் திருப்பத்தில் முருகையா கேட்டார்.

"சார், அந்த ராஜா தண்ணிய ஊத்திட்டாரு. அப்புறம் அவரு தாகம் என்னாச்சு?"

"அது எழுதி வைக்கல."

அவர் வண்டியைத் திருப்பினார். "யாராச்சும் ஒரு செம்பு கொடுத்திருப்பாங்க லா."